கடைசிப் படகுக்கான பாட்டு

ஓபரா என்று ஒன்று இருக்கிறது. அதில் பேச்சே கிடையாது. பசிக்கிறது என்றாலும் பாடித்தான் சொல்ல வேண்டும். சோறு வெந்துவிட்டது என்றாலும் பாடித்தான். இதென்ன கூத்து என்று கேட்டால், ஆமாம், கூத்துதான். நம் ஊர்க் கூத்தில் கட்டியங்காரனாவது நடுநடுவே நாலு வார்த்தை பேசுவான். இதில் அந்தப் புண்ணியமும் இல்லை.

புதுச்சேரியில் சவரிராயன் என்று ஒருவர் இப்படி ஒன்றைத் தமிழில் எழுதி, தானே இசையமைத்து, ஆள் சேர்த்து, மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் மூடிக் கிடந்த ஐஸ் ஃபேக்டரி ஒன்றில் ஒத்திகை நடத்திக்கொண்டிருந்தார். எல்லாரும் அவரை மாஸ்டர் என்பார்கள். வயசு என்னவோ முப்பதைக் கொஞ்சம் தாண்டியதுதான். தலைக்குள் கடல் மாதிரி இசை வைத்திருந்தார். தொண்டைக்குள் மட்டும் ஒன்றும் கிடையாது. அவர் ஒரு வரி பாடிக் காட்டினால் துறைமுகத்துப் பூனையெல்லாம் எழுந்து பதில் சொல்லும்.

அவரிடம் கற்றுக்கொள்ள வந்தவர்களில் மூத்தவள் எமரன்சியா. நாற்பதைத் தாண்டியவள். அவள் அவரை மாஸ்டர் என்பாள். அவர் அவளை அக்கா என்பார். புதிதாக வந்தவர்கள், இதில் யார் யாருக்குக் குரு என்று கொஞ்ச நேரம் குழம்பத்தான் செய்வார்கள்.

எமரன்சியாவுக்கு அப்படி ஒரு குரல். அது அவளுக்கும் தெரியும். தெரியாத மாதிரி நடிக்கிற பழக்கம் அவளிடம் கிடையாது. ஆனால் இருபது வருஷமாகச் சென்னையில் சினிமாப் பாட்டுகளுக்குக் கோரஸ் பாடிக்கொண்டிருந்தாள். கடைசி வரிசையில் நின்றுகொண்டு "ஆ..." என்று இழுப்பது. முன்னால் நிற்கிறவள் பெயர் வெளியே வரும். பின்னால் நிற்கிறவளுக்கு பஸ் காசு வரும்.

இப்போது முதல் தடவையாக அவள் பெயர் சுவரொட்டியில் வந்திருந்தது. "கொற்றியாக: எமரன்சியா." மார்க்கெட் முனையில் ஒட்டியிருந்தார்கள். காய் வாங்கப் போனவள், பையைக் கீழே வைத்துவிட்டு அதை வாசித்தாள். இன்னொரு தடவை வாசித்தாள். பக்கத்தில் நின்ற பூக்காரம்மாவிடம், "இது நான்தான்" என்று சொல்லிவிட்டு வந்தாள். சந்தோஷம் தாங்கவில்லை அவளுக்கு.

கொற்றி யார் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

அது ராஜாக்கள் காலத்துக் கதை. ஆழித்துறை என்று ஒரு பட்டினம். அங்கே கடலைப் பார்த்து உயரமாக ஒரு விளக்கு மாடம். அதைக் காத்தவனுடைய மகள் கொற்றி. ஒரு நாள் ஊர்ப் படகெல்லாம் கடலில் இருக்கும்போது புயல் பிடித்துக்கொண்டது. விளக்கு அணைந்தது. ஏற்ற ஏற்ற அணைந்தது. கரை எது, கடல் எது என்று படகுக்காரர்களுக்குத் தெரியவில்லை. கொற்றி மாடத்துச் சுவரில் ஏறி நின்று பாட ஆரம்பித்தாள். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு படகுகள் ஒவ்வொன்றாகக் கரை சேர்ந்தன. இன்னும் ஒரே ஒரு படகு பாக்கி. அதில் அவள் தம்பி. அந்த நேரம் பார்த்து அவள் தொண்டை போய்விட்டது.

கடைசிப் படகும் வந்தது என்றுதான் கதை சொல்கிறது. எப்படி வந்தது என்று சொல்வதில்லை. கதை சொல்கிறவர்களை மடக்கிக் கேட்டால், "வந்துச்சுப்பா, விடுவியா" என்று வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொள்வார்கள்.

மாஸ்டர் எழுதிய இசையிலும் அந்த இடத்தில் ஒரு பக்கம் வெறும் தாளாக இருந்தது. மேலே ஒரே வரி. "கடைசிப் படகு வருகிறது." அவ்வளவுதான். சுரமும் இல்லை, சொல்லும் இல்லை.

எமரன்சியாவுக்கு அந்தப் பக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சலாக வந்தது. ஒரு நாள் ஒத்திகை முடிந்து டீ வந்தபோது கேட்டுவிட்டாள்.

"மாஸ்டர், ஒரு சந்தேகம்."

"கேளுங்கக்கா."

"தொண்டை போனதுக்கு அப்புறம் கொற்றி என்ன பாடினா?"

மாஸ்டர் டீயை ஊதினார்.

"உங்களுக்குத் தொண்டை கட்டிக்கிட்டா என்னக்கா பண்ணுவீங்க?"

"மிளகுப் பால் குடிப்பேன். வாயைத் தொறக்கவே மாட்டேன்."

"ஒரு வார்த்தைகூடவா?"

"ஒரு வார்த்தைகூட இல்ல. வீட்டுக்காரர்கிட்ட கையாலதான் பேசுவேன். பாடறவ குரல் உடைஞ்சு நாலு பேர் காதுல விழுந்தா அப்புறம் என்ன மரியாதை இருக்கு?"

"சரிக்கா."

"என்ன சரி? நான் கேட்டதுக்குப் பதிலே சொல்லலியே."

"நீங்கதான் சொல்லிட்டீங்களே. டீ ஆறுது, குடிங்க."

அவள் டீயைக் குடித்தாள். அது ஆறித்தான் போயிருந்தது. மனசு ஆறவில்லை.

"மாஸ்டர், வெளிப்படையாவே கேக்கறேன். கதாநாயகி கடைசியில வாயைப் பொத்திக்கிட்டு நிக்கறதுக்கா நான் இருபது வருஷம் காத்துக்கிட்டிருந்தேன்? எல்லா ஓபராவுலயும் கடைசியில ஒரு பெரிய பாட்டு இருக்கும்னு நீங்கதானே சொன்னீங்க? ஜனங்க வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போறது அந்தப் பாட்டைத்தானே?"

"ஆமாக்கா."

"எனக்கு அது எங்கே?"

"எனக்கும் தெரியலை. தெரிஞ்சா எழுதியிருக்க மாட்டேனா?" என்றார் மாஸ்டர்.

அவர் பொய் சொல்கிறவர் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கடுப்பாக இருந்தது.

மறுநாள் மாஸ்டர் ஒரு துண்டோடு வந்தார். கட்டம் போட்ட முரட்டுத் துண்டு. மீன் கூடைக்காரர்கள் தலையில் சுருட்டி வைப்பார்களே, அந்த மாதிரி.

"அக்கா, இன்னிக்கு நீங்க படகு."

"நானா?"

"ஆமா. கோரஸ் எல்லாம் கரை. அவங்க பாடுவாங்க. நீங்க கண்ணைக் கட்டிக்கிட்டு அந்தப் பக்கத்துலேருந்து வரணும். கரை எங்கேன்னு கண்டுபிடிங்க."

"இதுல என்ன இருக்கு? குருடன்கூட வந்துடுவான்."

"வாங்க பாக்கலாம்."

துண்டைக் கட்டினார்கள். இரண்டு சுற்று சுற்றி விட்டார்கள். சாயங்கால வெயில் நன்றாகவே உள்ளே அடித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் அவளுக்கு ஒரு பொட்டு வெளிச்சம் தெரியவில்லை.

கோரஸ்காரர்கள் எந்த மூலையிலோ போய் நின்றுகொண்டு ஒரே சுரத்தைப் பிடித்தார்கள். விடாமல், அறாமல், எண்ணெய் ஒழுகுகிற மாதிரி. அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஐஸ் ஃபேக்டரியின் சுவர் ஒவ்வொன்றும் ஒரு முழத்துக்கு மேல் கனம். சத்தம் அந்தச் சுவரில் பட்டு, இந்தச் சுவரில் பட்டு, கூரைக்குப் போய்த் திரும்பி வந்தது. எமரன்சியாவுக்கு எல்லாப் பக்கமும் கரையாகத் தெரிந்தது. இடது பக்கம் போனாள். அங்கே இல்லை. வலது பக்கம் திரும்பினாள். அங்கேயும் அதே சத்தம். சரி, எதற்குத் தயங்க வேண்டும் என்று விறுவிறுவென்று நேராக நடந்தாள்.

"ஐயோ அக்கா, தூணு!"

சட்டென்று நின்றாள். கையை நீட்டினாள். மூக்குக்கு ஒரு சாண் முன்னால் இரும்புத் தூண்.

கத்தியது பிரிசில்லா. வங்கியில் வேலை பார்ப்பவள், சாயங்காலம் கோரஸ் பாட வருவாள். எமரன்சியா துண்டை அவிழ்த்தாள். பிரிசில்லா எங்கே என்று அவள் தேடவே இல்லை. கண்ணைத் திறந்தபோது முகம் பிரிசில்லாவுக்கு நேராகத்தான் இருந்தது.

"ஏன்டி சுதியை விட்டே?"

"நீங்க மோதப் பார்த்தீங்கக்கா."

"மோதினா மோதிட்டுப் போறேன். பிடிச்ச சுரத்தை நடுவுல விடலாமா? கோரஸுல நின்னா உசுரே போனாலும் சுரத்தை விடக் கூடாது. நான் இருபது வருஷம் விட்டதில்லை, தெரியுமா?"

பிரிசில்லா மன்னிப்புக் கேட்டாள். மற்றவர்களுக்கு வெறும் வாயில் அவல் விழுந்த மாதிரி ஆகிவிட்டது. மூலைக்குப் போய்க் குசுகுசுவென்று மென்றார்கள்.

மாஸ்டர் துண்டை உதறி மடித்துக்கொண்டிருந்தார்.

"பலம் பத்தலை மாஸ்டர்" என்றாள் எமரன்சியா. "இந்தக் கட்டடமும் கோணல். நான் கரையில நின்னு பாடியிருந்தா படகு நேரா வந்து சேர்ந்திருக்கும்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று யாராவது சொல்லியிருக்கலாம். யாருக்கும் தைரியம் வரவில்லை.

"எப்படி நடந்தேன் மாஸ்டர்?"

இது அவளுடைய வழக்கம். எது செய்தாலும் முடித்த கையோடு கேட்டுவிடுவாள். பாடினால் எப்படிப் பாடினேன் என்று கேட்பாள். மாஸ்டரும் ஒரு தடவைகூடச் சும்மா "நல்லா இருந்துச்சு" என்று சொன்னதில்லை. எந்த வரியில் அவசரப்பட்டாள், எந்த எழுத்தை விழுங்கினாள், எங்கே மூச்சு ஒழுகியது, எல்லாம் புட்டுப் புட்டு வைப்பார். அதற்காகவே அவருக்கு அவள் அடங்குவாள்.

"படகு ஓட்டையாகலை" என்றார் மாஸ்டர். "இன்னிக்கு அது போதும்."

அந்த வாரம் முழுக்க எமரன்சியா வீட்டில் அடுப்படியிலும் மொட்டை மாடியிலும் பாடிக்கொண்டே இருந்தாள். மாஸ்டருக்குத் தெரியாவிட்டால் என்ன, கடைசிப் பாட்டைத் தானே செய்துவிடுவது என்று முடிவு கட்டிவிட்டாள். சொல்லும் அவளுடையது, மெட்டும் அவளுடையது. தம்பியைக் கூப்பிடுகிற பாட்டு. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். ஆனால் இது நிஜமாகவே பொன்குஞ்சுதான். மாடியில் அவள் அதைப் பாடி முடித்தபோது எதிர் வீட்டுக்காரர்கள் கை தட்டினார்கள்.

ஒத்திகைக்கு வந்ததும் மாஸ்டரைத் தனியே நிறுத்திப் பாடிக் காட்டினாள். மாஸ்டர் கண்ணை மூடிக் கேட்டார்.

"எப்படிப் பாடினேன் மாஸ்டர்?"

"மூணாவது வரியில ஏறறீங்களே, அது ரொம்ப அழகு. எங்கே மூச்சு எடுத்தீங்கன்னே தெரியலை. கடைசிச் சொல்லுல 'ழ' கொஞ்சம் நழுவுது, அவ்வளவுதான். நல்ல பாட்டுக்கா."

அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"அப்போ அந்தப் பக்கத்துல இதை எழுதிடலாமா?"

"யாருக்காகக்கா பாடறீங்க?"

"இது என்ன கேள்வி? தம்பிக்காகத்தான். கடல்ல நிக்கறானே."

"அப்படியா? நான் சபைக்காகன்னு நினைச்சுட்டேன்."

சுருக்கென்றது அவளுக்கு. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கோச்சுக்காதீங்க. அந்தப் பக்கம் உங்களுது. அதுல நான் கை வைக்க மாட்டேன். வாத்தியக்காரங்களும் வாசிக்க மாட்டாங்க. என்ன வேணும்னாலும் பாடுங்க. ஒண்ணே ஒண்ணு, தம்பி கரைக்கு வந்தாகணும்."

"அதான் அமலோர் தெனம் வர்றானே."

அமலோர்தான் தம்பியாக நடிப்பவன். கடைசிக் காட்சியில் அவன் மேடையிலிருந்து வர மாட்டான். சபைக்குப் பின்னால், வாசல் பக்கத்திலிருந்து வருவான். புயல் இருட்டு என்று காட்டுவதற்குக் கண்ணில் கறுப்புத் துணி கட்டியிருக்கும். துடுப்பைப் பிடித்துக்கொண்டு ஜனங்கள் நடுவே தட்டுத் தடுமாறி வந்து, இடது பக்கத்துப் படி ஏறி, அக்கா கையைப் பிடிக்க வேண்டும். அந்தக் கறுப்புத் துணி சல்லடை மாதிரி. அதற்குள்ளே எல்லாம் தெரியும். கடைசி ஒத்திகை அன்று அமலோர் தடுமாறி வருகிற வழியிலேயே, நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாமியாரைக் கண்டுபிடித்துத் தலையாட்டிவிட்டு வந்தான்.

அந்தத் துணியில் கண் தெரிவதும் நல்லதற்குத்தான். கடைசி ஒத்திகையும் அரங்கேற்றமும் ஐஸ் ஃபேக்டரியில் இல்லை, ஊருக்குள் ஒரு அரங்கத்தில்; அங்கே மேடைக்கு முன்னால் வாத்தியக்காரர்கள் உட்காருகிற பள்ளம் இருந்தது. ஆள் உயரம். தடுப்புக் கம்பி கிடையாது. ஓரத்தில் நாலைந்து பூந்தொட்டி வைத்திருந்தார்கள். போன ஞாயிற்றுக்கிழமை பெரிய முரசு அடிக்கிறவர் பேச்சு சுவாரஸ்யத்தில் அதில் கால் வைத்து விழுந்து, கட்டுப் போட்டுக்கொண்டு வந்து வாசித்துக்கொண்டிருந்தார்.

அரங்கேற்றம் வந்தது.

கூட்டம் என்றால் கூட்டம். பூக்காரம்மாகூட வந்திருந்தாள். எமரன்சியாவுக்குப் பயமே இல்லை. கொற்றியின் சேலையைக் கட்டிக்கொண்டு மேடை ஏறியதும் முதல் வரியிலேயே சபையைப் பிடித்துவிட்டாள். சபை அவள் உள்ளங்கைக்கு வந்துவிட்டது என்பது பாடுகிறவளுக்குத் தெரியும். அதற்கப்புறம் இருமல்கூடக் கேட்காது.

விளக்கு அணைந்தது. முரசு இடித்தது. சுவரில் ஏறினாள். பாடினாள். ஒவ்வொரு படகாக வந்தது. கரைக்கு வந்தவர்கள் கோரஸில் சேர்ந்துகொண்டார்கள். பள்ளத்தின் நடுவே சின்ன மேடையில் நின்று மாஸ்டர் குச்சியை அசைத்துக்கொண்டிருந்தார். அவள் ஒவ்வொரு தடவை கீழே பார்க்கும்போதும் அந்தக் குச்சி அவள் மூச்சுக்கு வழி காட்டியது.

கடைசிக்கு முந்தின படகும் வந்தாயிற்று. மாஸ்டர் எழுதியபடியே அவள் சுரம் தேய்ந்து, தேய்ந்து, நின்றது. கொற்றி முழங்கால் போட்டு, தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். வாத்தியங்கள் ஒவ்வொன்றாக, மெதுமெதுவாக ஓய்ந்தன.

வெறும் பக்கம்.

எமரன்சியா எழுந்தாள். பாட்டு நெஞ்சுக்குள் தயாராக இருந்தது. இருபது வருஷம் கடைசி வரிசையில் நின்ற பாட்டு. மூச்சை இழுத்துக்கொண்டு, பழக்க தோஷத்தில் மாஸ்டரைப் பார்த்தாள்.

குச்சி மேசைமேல் கிடந்தது. மாஸ்டரைக் காணோம்.

சபைக்குப் பின்னால் வாசல் பக்கம் ஒரு வட்ட வெளிச்சம் விழுந்தது. அதில் துடுப்போடு நின்றது அமலோர் இல்லை. மாஸ்டர். கண்ணில் கறுப்புத் துணியும் இல்லை. அந்தக் கட்டம் போட்ட முரட்டுத் துண்டு.

அவள் வெளிச்சத்தின் ஓரத்தில், வாசல் கதவுப் பக்கம் பார்த்தாள். அங்கே அமலோர் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். இறுக்கிக் கட்டச் சொன்னார் என்று முடிச்சுப் போடுகிற மாதிரி கையால் காட்டினான்.

எமரன்சியாவுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை. அப்புறம் தைரியம் வந்தது. சரி, மாஸ்டராகவே இருக்கட்டும். அவருக்கு இல்லாத காதா? இந்தப் பாட்டைப் பிடித்துக்கொண்டு வரட்டும்.

பாடினாள்.

ஐயோ, எப்படிப் பாடினாள்! அந்த அரங்கத்தின் கூரை குவிந்த கூரை. அவள் குரல் மேலே போய் அங்கே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ஜனங்கள் தலைமேல் மழையாக இறங்கியது. முன்வரிசையில் ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மாஸ்டர் நடுவழியில் நின்றார். தலையை இந்தப் பக்கம் திருப்பினார். அந்தப் பக்கம் திருப்பினார். இடது பக்கத்துச் சுவரை நோக்கி நாலு எட்டு வைத்து ஒரு நாற்காலியில் இடித்துக்கொண்டார். திரும்பினார். வலது பக்கம் நடந்தார். நடிப்பு பிரமாதம் என்று ஜனங்கள் நினைத்தார்கள்.

நடிப்பில்லை என்று எமரன்சியாவுக்குத் தெரியும். அந்தத் துண்டுக்குள்ளே சூரியனே வந்தாலும் தெரியாது என்று அந்தக் கூட்டத்தில் கட்டிப் பார்த்துத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

இரண்டாவது வரி முடிந்தது. மாஸ்டர் வலது ஓரமாக முன்னே வந்துகொண்டிருந்தார். அங்கே படி கிடையாது. பள்ளம்தான் உண்டு.

மூணாவது வரி. ஏற வேண்டிய வரி. ஏறினாள். சபை மூச்சைப் பிடித்துக்கொண்டது. இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் அத்தனை வருஷம். இன்னும் ஒரே ஒரு வரி. பாடி முடித்துவிட்டால் அது அவளுடையது, அதை அவளிடமிருந்து ஒருவரும் பிடுங்க முடியாது.

மாஸ்டர் கால் பூந்தொட்டியில் பட்டது. தொட்டி உருண்டு பள்ளத்தில் விழுந்து உடைந்தது. அந்தச் சத்தமும் பாட்டுக்குள் அமுங்கிப்போனது. அவர் தொட்டி இருந்த இடத்தைத் தாண்டக் காலைத் தூக்கினார்.

அவள் சுவரிலிருந்து குதித்தாள்.

"தம்பி!"

பாட்டு அறுந்து விழுந்தது. பிடித்த சுரத்தை நடுவில் விட்டுவிட்டாள்.

"தம்பி, நில்லுடா!"

மாஸ்டர் தூக்கிய காலை அப்படியே பின்னால் வைத்தார். முகத்தைத் திருப்பினார். நேராக அவளுக்கு.

"இங்கே... இங்கேடா... இந்தப் பக்கம் வா..."

அது பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை. பயத்தில் தொண்டை அடைத்துக்கொண்டது. குரல் தகரத்தில் ஆணி கிழித்த மாதிரி வந்தது. ஒரு வார்த்தை வரும், அடுத்தது வராது. இருமல் வந்தது. இருமிக்கொண்டே கூப்பிட்டாள். சபை கேட்கிறது என்பதே அவளுக்கு மறந்துபோனது.

"தம்பி... ஆங், அப்படித்தான்... வா... நேரா வராதே, பள்ளம்... கைப்பக்கமா வா... சாப்புடற கை இல்லடா, அந்தாண்ட கை... வா... நான் இங்கேதான் இருக்கேன்..."

மாஸ்டர் வந்தார். ஒவ்வொரு உடைந்த வார்த்தைக்கும் ஒவ்வொரு எட்டு. அவள் மூச்சு வாங்கினால் அவர் நின்றார். அவள் கூப்பிட்டால் நடந்தார். பள்ளத்தின் ஓரமாகவே வந்து, ஒரு தடவைகூட முகத்தை வேறு பக்கம் திருப்பாமல், படிக்கு வந்து சேர்ந்தார்.

"படி இருக்கு... காலைத் தூக்கு... இன்னொண்ணு... இன்னும் ஒண்ணு..."

கையை எட்டிப் பிடித்து இழுத்துக்கொண்டாள். அந்தக் கை குளிர்ந்து கிடந்தது. அவள் வாய்விட்டு அழுதாள்.

விளக்கு அணைந்தது. அப்படித்தான் எழுதியிருந்தது. பிறகு ஜனங்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள் என்று பிரிசில்லா அப்புறம் சொன்னாள். எமரன்சியாவுக்கு அது காதில் ஏறவில்லை.

திரை விழுந்ததும் மாஸ்டர் தோளில் ஒரு அடி வைத்தாள். பலமாகத்தான்.

"பைத்தியமா உனக்கு? விழுந்து மண்டை உடைஞ்சிருந்தா என்ன ஆவறது?"

"ஆமாக்கா" என்றார் மாஸ்டர். துண்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார். முடிச்சு இறுகிப்போயிருந்தது, அவிழ்க்க வரவில்லை. அவளே அவிழ்த்து விட்டாள்.

"நிஜமாவே ஒண்ணும் தெரியலையா?"

"ஒண்ணும் தெரியலைக்கா."

தெரிந்ததுதான், ஆனாலும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. துண்டை வாங்கித் தன் கண்மேல் வைத்து அழுத்திப் பார்த்தாள். கும்மிருட்டு. எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, உடைந்த ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தாள். வெளியே அவள் பெயரைச் சொல்லிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அமலோர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். அவள் பாதி குடித்துவிட்டு மீதியை மாஸ்டரிடம் நீட்டினாள்.

அப்புறம், என்ன இருந்தாலும் பழக்கம் விடுமா, கேட்டாள். குரல் இன்னும் சரியாக வரவில்லை.

"எப்படி மாஸ்டர் பாடினேன்?"

மாஸ்டர் தண்ணீரைக் குடித்து முடித்தார். யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.

"கவனிக்கலைக்கா. நான் கரைக்கு வந்துக்கிட்டிருந்தேன்."